ஒரே மெஷினில் மட்டும் ஓடிய கேசட்

அந்தச் சிவப்பு விளக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது. கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். மூன்று மாதம் உட்கார்ந்து நான் எழுதியதை, நானே கொண்டுபோய்ப் போட்டபோது, உனக்கு இதில் பாத்தியதை இல்லை என்று எரிந்த விளக்கு.

எழுபதுகளின் கடைசி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்த சூட்டோடு, தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் சேர்ந்திருந்தேன். கொழும்புக்குப் போகும் தோணிகளுக்கு நாங்கள்தான் காகிதம் தயார் செய்வோம். யாருடைய வெங்காயம் எத்தனை மூட்டை, யாருடைய கருப்பட்டி எத்தனை சிப்பம், எடை என்ன, அங்கே யாருக்குப் போகிறது என்று வரி வரியாக ஒரு பட்டியல். மேனிபெஸ்ட் என்போம். அதைக் கஸ்டம்ஸில் கொடுத்து முத்திரை வாங்காமல் தோணி நகர முடியாது.

ஆபீசில் ஒரு மேசைக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். வாடகைக்கு இல்லை, முழு விலைக்கு. ஆர்மோனியப் பெட்டி அளவு, பக்கத்தில் அச்சடிக்கும் கருவி, புரோகிராமைப் பதிந்துவைக்கக் கேசட். மற்றவர்கள் தொடப் பயந்தார்கள்; நான் ஒட்டிக்கொண்டேன். மேனிபெஸ்ட் அடிக்கும் புரோகிராமை நானே எழுதினேன். முதல் பட்டியல் கட்டம் பிசகாமல் வந்து விழுந்தபோது ஆபீசே எழுந்துவந்து பார்த்தது. அந்த மிதப்பில், மேனிபெஸ்ட் அடிக்கவென்றே வைத்திருந்த அகலமான டைப்ரைட்டரைக் கொச்சி கிளைக்கு அனுப்ப வைத்ததும் நான்தான். “இனிமே எதுக்கு அண்ணாச்சி, எடத்த அடைச்சிக்கிட்டு?” என்றேன் மேனேஜரிடம்.

பிறகு மதராசிலிருந்து கம்பெனி எஞ்சினியர் சர்வீசுக்கு வந்தார். மூடியைத் திறந்து, உள்ளங்கை அகல சர்க்யூட் தகடு ஒன்றைச் சொருகினார். இனி இந்த மெஷினில் பதியும் கேசட் இந்த மெஷினில்தான் ஓடுமாம். கம்பெனி விற்கிற புரோகிராம்களை ஆளாளுக்குக் காப்பி எடுத்துவிடுகிறார்களாம்.

“அப்போ நான் எழுதினது?”

“கேசட்ல இருக்கிற எல்லாம்தான்.”

என் கேசட்டையும் புதிதாகப் பதிந்துகொடுத்தார். மூடியைத் திருகி, திருகாணி மேல் ஈய முத்திரை குத்தினார். அங்கேயே நான் கத்தியிருக்க வேண்டும். நானோ, அது எப்படி வேலை செய்கிறது என்று வாய் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றேன். டீ வேறு வாங்கிக்கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மெஷின் செத்துப்போனது. அன்று கிளம்ப வேண்டிய தோணியின் தண்டல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். சரக்கும் ஆட்களும் அவர் பொறுப்பு. கொழும்பு போய்த் திரும்ப இரண்டு வாரம். அன்று கிளம்பினால், திரும்பி வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவர் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு மாதா கோயிலில் நிற்கலாம். சனிக்கிழமை கஸ்டம்ஸ் ஒரு மணிக்கு மூடிவிடும். ஞாயிறன்று தோணிக்காரர்கள் பாய் விரித்துக் கிளம்புவதில்லை. திங்கள் கிளம்பினால் எல்லாம் முடிந்த மறுநாள்தான் கரை சேர்வார்.

நான் அலட்டிக்கொள்ளவில்லை. நூல் மில் ஆபீசில் இதே மெஷின், அச்சு அசல் இதே மாடல், இருந்தது. வெள்ளிக்கிழமையே அடித்துவைத்த சரக்கு விவரமும் புரோகிராமும் கேசட்டில். எஞ்சினியர் சொன்னது அந்த அவசரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை; சைக்கிளை மிதித்தேன். போட்டேன். சிவப்பு விளக்கு. எடுத்துத் துடைத்துப் போட்டேன். சிவப்பு விளக்கு.

திரும்பி வந்து மதராசுக்கு டிரங்க் கால் போட்டோம். செவ்வாய்க்கிழமைதான் ஆள் வருமாம். “மூடியைத் தொட்டா கேரண்டி போச்சு” என்று திரும்பத் திரும்பச் சொன்னான் அங்கே பேசியவன்.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மேனேஜர் என் மணிக்கட்டைப் பிடித்தார். “ஏலே, முத்திரைய ஒடைச்சா மொதலாளிக்கு யாருலே பதில் சொல்லுதது?”

தண்டல் பெஞ்சிலிருந்து கேட்டார்: “பெட்டி யாருது?”

“எங்களுது.”

“எழுதினது?”

“நான்தான்.”

“பெறகு பூட்டு மட்டும் எப்படிலே மதராஸ்காரனுக்கு ஆச்சு? எந் தோணிய வித்தவன் பாய்க்கயித்த அவன் கையிலயா வச்சிருக்கான்?”

டைப்ரைட்டரும் கொச்சிக்குப் போய்விட்டது. நாலு பேர் உட்கார்ந்து கார்பன் வைத்துக் கையால் எழுதினோம். ஒரு மணி அடிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு பாக்கி. தண்டல் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். திங்கள் மாலைதான் அந்தத் தோணி பாய் விரித்தது.

செவ்வாய்க்கிழமை எஞ்சினியர் வந்தார். முத்திரையை வெட்டினார், மூடியைத் திறந்தார், ஒரு பியூசை மாற்றினார். ஐந்து நிமிடம். அந்த பியூஸ் எங்கள் தெரு ரேடியோ கடையில் கிடைக்கும்.

“அந்தத் தகட்டக் கழத்துங்க சார். எங்க மெஷின்.”

“மெஷின் உங்களுதுதான், யார் இல்லேன்னா?” என்று சிரித்தபடியே புது முத்திரை குத்தினார். இந்த முறை டீ இல்லை.

அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கினேன். மெஷினில் எழுத்து தெரியும் ஒற்றை வரி ஜன்னலில் புரோகிராமை வரி வரியாக வரவழைத்து நோட்டில் எழுதினேன். அதை மில் ஆபீசுக்குக் கொண்டுபோய், அங்கிருந்த மெஷினில் எழுத்து எழுத்தாக அடித்தேன். ஓடியது. ஒரு விளக்கும் எரியவில்லை. அந்த மாடல் வைத்திருக்கும் யார் கேட்டாலும் நோட்டைக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

புதுநன்மை முடிந்த மறுநாள் தண்டல் கரை சேர்ந்தார். காகிதம் வாங்க ஆபீசுக்கு வந்தபோது நோட்டை அவர் முன் விரித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இனி எந்த மெஷின் செத்தாலும் கவலையில்லை, எவன் பூட்டும் இதைத் தடுக்காது. அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

“எழுத எத்தன நாளு ஆச்சு?”

“ரெண்டு நாளு அண்ணே.”

“அவன் பூட்டு மாட்டுன அன்னைக்கே எழுதியிருக்கலாம்லா?” என்று கேட்டுவிட்டு, நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.