நெப்டியூனுக்குப் பதினான்கு கிலோமீட்டர்

ஷார்ஜாவில் எனக்கு ஏசி மெக்கானிக் வேலை. இரண்டு வருடம் கழித்து, முப்பது நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் யாழினி, போனில் எப்போது பேசினாலும் "சூரியன்லேர்ந்து நெப்டியூன் வரைக்கும் நாம நடக்கணும்ப்பா" என்பாள். திருவண்ணாமலை கிரிவலப் பாதையை வைத்து அவளே போட்ட திட்டம் அது. லீவு முடிய நான்கு நாள் இருக்கும்போதுதான் எனக்கு அதற்கு ஒழிந்தது. அதுவே முதல் தப்பு.

கீழ்பென்னாத்தூரில் முதல் பஸ் பிடித்து, காலை ஐந்தரைக்கு ராஜகோபுரத்தின் முன் நின்றோம். அதுதான் சூரியன். அங்கிருந்து நெப்டியூனுக்கு 450 கோடி கிலோமீட்டர். அதைக் கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரில் அடக்கினால், நாம் நடக்கும் ஒவ்வொரு மீட்டரும் அங்கே சுமார் 3,20,000 கிலோமீட்டர். போனில் தூரம் பார்த்துக்கொண்டே வெறுங்காலோடு நடந்தோம். புதன் 180 மீட்டரில் வந்துவிட்டது. 467-வது மீட்டரில் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்தாள், பூமி அவ்வளவுதானாம். நிலா அதிலிருந்து நாலடி.

"மனுசங்க போனதுலயே ஜாஸ்தி தூரம் இந்த நாலடிதான்ப்பா."

யம்மாடி! எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

ரமணாசிரமம் தாண்டி 2.4 கிலோமீட்டரில் வியாழன். டீ குடித்தோம். 4.5-ல் சனி. மணி ஏழேகால். அந்த லீவில் ஊரில் ஒரு மனை வாங்கப் பேசிக்கொண்டிருந்தேன்; அப்போது பார்த்தா அந்தப் புரோக்கர் போனில் கூப்பிட வேண்டும்? "சார், எட்டரைக்கு வேற பார்ட்டி வராங்க, ஜல்தியா வாங்க" என்றார். மீதி ஒன்பதரை கிலோமீட்டர் நடக்க இரண்டரை மணி நேரமாவது ஆகும். யாழினியைக் கேட்காமலே, மீதிச் சுற்றை வண்டியில் முடித்துவிட ஆட்டோவைக் கைகாட்டினேன். இருநூற்றைம்பது ரூபாய்.

அடி அண்ணாமலை தாண்டியதும் அவள், "யுரேனஸ், யுரேனஸ்! நிறுத்துங்க" என்று கத்தினாள்.

"பாப்பா ஏதோ கேக்குது, நிறுத்தட்டுங்களா சார்?" என்றார் ஓட்டுநர்.

"வேணாம், போங்க."

இதை எழுதும்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கோபுரத்தில் இறங்கியதும், "நெப்டியூன் வந்துடுச்சு பாரு" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சூரியன்கிட்டயேதான்ப்பா வந்து நிக்கிறோம். நடந்திருந்தா காலாவது வலிச்சிருக்கும். தூரம் தெரிஞ்சிருக்கும்."

கிரிவலப் பாதை கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் என்ற இந்த ஓட்டை எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. மனையிலும் வில்லங்கம், வாங்கவில்லை.

பிள்ளைகளோடு இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: ஐந்தரைக்குள் கிளம்பிவிடுங்கள், ஒன்பதுக்கு மேல் தார் சுடும். தண்ணீர் இரண்டு பாட்டில் போதும், வழியெல்லாம் கடை உண்டு. தூரம் பார்க்க போன் வேண்டும், ஆனால் சிம்மைக் கழற்றிவிடுங்கள். அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

போன வாரம் போனில், "அடுத்த லீவுல முழுசா நடக்கலாம்மா" என்றேன்.

"நடந்துட்டேன்ப்பா. சயின்ஸ் டீச்சர் எங்க கிளாஸையே கூட்டினு போனாங்க. செங்கம் ரோட்டுல நேரா நடந்தோம். நெப்டியூன் வரைக்கும் போயிட்டேன்."

"கால் வலிச்சுதா?"

"ரொம்ப" என்று சிரித்தாள். கொஞ்சம் கழித்து, "நீ எப்ப வரேன்னு அம்மா கேக்கச் சொன்னாங்க" என்றாள்.