ஐந்து மணிக்கு வண்டி கிளம்பும்

சியோலுக்குப் பக்கத்தில் புச்சொனில் சலவைக் கடை வைத்திருக்கும் பியோ கும்ரேவுக்கு மலை என்றாலே ஆகாது. ஐம்பத்தெட்டு வயதில் ஞாயிறு தவறாமல் மலையேறுகிற ஒருத்தியைப் பற்றி இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. அவள் ஏறியது மா தொக்பே என்ற ஒரு மனிதனுக்காக.

தொக்பே, செவ்வானம் மலையேற்றச் சங்கத்தின் தலைவர். விடியுமுன் சியோலில் ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றி, மலையின் ஒரு பக்கம் இறக்கிவிட்டு, மறுபக்கம் சாயங்காலம் அள்ளிக்கொண்டு திரும்புவது சங்கத்தின் வேலை. போகிற வழியெல்லாம் மைக் அவர் கையில்தான் இருக்கும்.

"அஞ்சு மணின்னா அஞ்சு மணி! வந்தவங்களோட வண்டி கிளம்பிடும். வராதவங்க டாக்ஸி பிடிச்சு வாங்க. என் பொண்டாட்டியா இருந்தாலும் விட்டுட்டுத்தான் போவேன்!"

பஸ் சிரிக்கும். வருஷக்கணக்காக அதே வசனம், அதே சிரிப்பு.

கும்ரேயின் கணவர் நா சொங்சில் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டவர்தான். சின்ன வயதிலேயே ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். நாளெல்லாம் கடையில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்பவருக்கு மாதம் ஒரு மலை வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. பை நிறைய வெள்ளரிக்காய் நறுக்கி எடுத்துப்போய், மூச்சு வாங்குகிறவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டே கடைசியாக வருவார். நாலு வருஷம் முன்பு ஜிரிசான் மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்கு அவர் வந்து சேரவில்லை. "இன்னும் ஒருத்தர் வரணுமே" என்று யாரோ சொன்னார்கள். தொக்பே கடிகாரத்தைப் பார்த்தார், வண்டி கிளம்பிவிட்டது.

இருட்டில் இறங்கி வந்த மனிதர் ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தார். மறுநாள் காலையில்தான் தூக்கினார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. மார்ச்சளி கண்டு, வசந்தம் வருவதற்குள் போய்ச் சேர்ந்தார். அவர் ஜிரிசான் போன அன்றைக்குக் கும்ரே கடையில் கல்யாண வீட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தொக்பேவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அந்தப் பக்கம் கொட்டாவி சத்தம். "அம்மா, ஒருத்தருக்காக நாப்பது பேரைக் காக்க வைக்க முடியுமா? நியாயத்தைச் சொல்லுங்க."

அந்தக் கொட்டாவியை அவளால் மன்னிக்க முடியவில்லை. பஸ் போனதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம்.

காரியம் முடிந்த கையோடு அவள் போய் அதே சங்கத்தில் சேர்ந்தாள். அந்த ஊரில் மனைவிக்குக் கணவரின் குடும்பப் பெயர் வராது என்பதால் யாருக்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை. முதல் வருஷம் நாக்குத் தள்ள ஏறினாள். இரண்டாம் வருஷம் மூச்சு பழகியது. மூன்றாம் வருஷம், யாருக்கும் பிடிக்காத வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூட்டத்தின் கடைசி ஆளாக, எல்லோருக்கும் பின்னால் வருகிற காவல் வேலை. "வாலக்கா" என்று எல்லோரும் கேலி செய்தார்கள், செய்யட்டும். வாக்கி டாக்கி வாலின் கையில் இருக்கும். எல்லோருக்கும் என்றைக்காவது கால் தேயும், தொக்பேயின் காலும் தேயும், அன்றைக்கு அவர் என் கைக்கு வருவார். இதுதான் அவளுடைய கணக்கு. சாமி கும்பிடுகிறவளாக இருந்திருந்தால் இதைத்தான் வேண்டியிருப்பாள்.

அந்த நாள் சொராக் மலையில், இலையெல்லாம் சிவந்து பற்றி எரிகிற அக்டோபரில் வந்தது. ஹங்யேரியொங் கணவாயில் ஏறி, தேச்சொங் உச்சியைத் தொட்டு, ஒசேக் பக்கம் இறங்க வேண்டும். ஒசேக் இறக்கம் முழுக்கக் கல் படி, முழங்காலைத் தின்கிற படி. உச்சியில் படம் எடுக்க நின்ற வரிசையிலேயே கும்ரே கவனித்துவிட்டாள். தொக்பே வலது காலைத் தரையில் முழுசாக ஊன்றவில்லை. கைத்தடியும் கொண்டுவரவில்லை. "தடி எல்லாம் கிழவனுங்களுக்கு" என்று போன வாரம்தான் ஒருவரை நக்கலடித்திருந்தார், இப்போது எப்படி எடுப்பது?

"நீங்க எல்லாம் முன்னால போங்க. நான் ஒரு போன் பேசிட்டு வந்து உங்களைத் தாண்டிடுறேன்" என்று கூட்டத்தை அனுப்பினார். அவர் ஓட்டமாக இறங்கி, கீழே கடையில் அரிசிக் கள்ளோடு உட்கார்ந்திருப்பார் என்றே அத்தனை பேரும் நினைத்துக்கொண்டார்கள். தலைவர் பின்தங்குவார் என்பது அந்தக் கூட்டத்தில் யார் புத்திக்கும் எட்டாது.

பாதி இறக்கத்தில், பாதையை விட்டுத் தள்ளி, ஒரு பாறைக்குப் பின்னால், கடைசியாக வந்த கும்ரே அவரைக் கண்டுபிடித்தாள். பேட்டரி செத்த போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"நீ போம்மா. நான் உன் பின்னாலயே வர்றேன்."

"வாலுக்குப் பின்னால யாரும் வரக்கூடாது தலைவரே. நீங்க வச்ச சட்டம்தான்."

"சும்மா லேசா பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

"மீட்புக்காரங்களைக் கூப்பிடட்டுமா? ஸ்ட்ரெச்சர் கொண்டுவருவாங்க."

"அய்யோ, வேண்டாம்! யாருக்கும் தெரியக் கூடாது."

படிக்குப் படி உட்கார்ந்து, பின்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்து அவர் இறங்கினார். கும்ரே கை கொடுக்கவில்லை. பின்னால் நின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. நாலு வருஷமாகச் சோறு இறங்காத தொண்டையில் தேன் இறங்குகிற மாதிரி இருந்தது.

நிழல் சரிந்தது. வாக்கி டாக்கி கரகரத்தது. டிரைவர் பாங்கின் குரல்.

"வாலக்கா, அஞ்சு ஆச்சு. தலைவரைக் காணோம். கள்ளுக்கடையிலயும் இல்ல. அங்க இருக்காரா?"

"இருக்காரு. இன்னும் ஒரு மணி நேர இறக்கம் பாக்கி."

தொக்பே கருவியைப் பிடுங்கினார். "பாங்! வண்டியை எடுத்துடாத! நான் வந்துட்டே இருக்கேன்!"

பாங் தயங்கித் தயங்கிச் சொன்னான். "தலைவரே... அஞ்சு மணி ஆயிடுச்சே."

"டேய், நான்டா சொல்றேன்!"

"எனக்குத் தெரியாதுங்க. பஸ்ல கேட்டுடுறேன்." அவன் பொத்தானை விடாமலே திரும்பிக் கேட்டான். "தலைவர் மேல மாட்டிக்கிட்டாராம். நிக்கலாமா, போலாமா?"

முதலில் ஒரு சிரிப்பு. யாரோ ஒரு பெண், "என் பொண்டாட்டியா இருந்தாலும்..." என்று அவர் குரலிலேயே ஆரம்பித்தாள். "விட்டுட்டுத்தான் போவேன்!" என்று பஸ்ஸே முடித்தது. பிறகு கைதட்டல். மலையேற்றத்துக்குப் பிறகு நன்றி சொல்லித் தட்டுவார்களே, அதைவிடப் பலமான கைதட்டல். எஞ்சின் உறுமியது.

கும்ரே கருவியை வாங்கிக்கொண்டாள். "கிளம்புங்க. வால் இங்கதான் இருக்கு, நான் பாத்துக்கிறேன்."

தொக்பே கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாகத் தன் பேச்சை ரசித்துச் சிரித்தவர்கள் என்று நம்பியிருந்தார். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிந்தது.

"நீயாவது சொல்லியிருக்கலாமே, நிக்கச் சொல்லி."

"ஜிரிசான்ல மழை பெஞ்ச அன்னிக்கு ஒருத்தர் சொன்னாங்களே, இன்னும் ஒருத்தர் வரணும்னு. நின்னீங்களா?" நாலு வருஷம் வாய்க்குள் அரைத்து வைத்த வார்த்தை இது. "அவரு என் வீட்டுக்காரரு."

தொக்பே நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார்.

"ஜிரிசானா? எந்தத் தடவை?... அங்க நிறையப் பேரை விட்டுட்டு வந்திருக்கேனேம்மா. அதுல எவரு?"

இந்த ஆள் வெட்கப்படுவார், கெஞ்சுவார், இல்லை சட்டம் பேசுவார் என்று எல்லாவற்றுக்கும் கும்ரே பதில் வைத்திருந்தாள். மறந்திருப்பார் என்பதற்கு மட்டும் வைத்திருக்கவில்லை. தன் மனுஷனைக் கொன்றவனுக்குக் கொன்றது தெரியாது. செத்தவரின் பெயர்கூடத் தெரியாது. இங்கேயே விட்டுவிட்டுப் போனால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. குளிர் பார்த்துக்கொள்ளும். ஆனால் அப்படிப் போனால் இந்த ஆளுக்கு முழங்கால் வலி மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

இரண்டு படி கீழே இறங்கி நின்று தோளைக் காட்டினாள். அவர் நன்றியோடு கையை நீட்டினார். அவள் தோளை விலக்கிக்கொண்டாள்.

"நா சொங்சில்."

"என்ன?"

"அவரு பேரு. சொல்லுங்க. அப்புறம் பிடிங்க."

"ஏம்மா, இந்த நேரத்துல..."

"அப்போ உக்காருங்க."

காற்று வீசியது. மேலே ஆள் இல்லை, கீழேயும் ஆள் இல்லை. தொக்பே மேலும் கீழும் பார்த்தார்.

"நா... சொங்சில்."

தோள் கிடைத்தது. ஒரு படி இறங்கினார்கள். அடுத்த படியில் அவள் மறுபடி விலகி நின்றாள். இந்தத் தடவை அவர் கேள்வி கேட்கவில்லை.

"நா சொங்சில்" என்றார். இன்னும் ஒரு படி. "நா சொங்சில்." நாலைந்து படி தாண்டியதும் மூச்சிரைக்கக் கெஞ்சினார். "போதுமா, கும்ரே?"

"படி முடியட்டும்" என்றாள் அவள்.