செட்டையில் பதிந்த பெருவிரல்

எங்கள் அம்மா எந்தப் பிளேனில் வருவார் என்பது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். அந்தப் பிளேன் எங்கள் வீட்டுச் சோகேஸுக்குள்தான் நின்றது. வெள்ளைப் பிளாஸ்டிக், என் முழங்கை நீளம், வாலில் பச்சைக் கோடு, பக்கவாட்டில் ஜன்னல்களாக ஒரு மெல்லிய ஸ்டிக்கர். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்த அம்மா, பால்மாவும் சவர்க்காரமும் போர்வையும் அடைத்து அனுப்பிய பெட்டிக்குள், தன் பழைய சட்டையொன்றில் சுற்றி அதை வைத்திருந்தார். மூன்று சக்கரத்தில் ஒன்று இல்லை. அப்பா ஒரு தீப்பெட்டியை முட்டுக்கொடுத்து அதை நிறுத்தினார். "இதிலதான் அம்மா வருவா" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அழுகிற பிள்ளைக்குச் சொன்ன ஆறுதல் அது. அவர் அதை அன்று மாலையே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. அம்மா போகும்போது எனக்கு மூன்று வயது, முகம்கூடச் சரியாக நினைவில்லை. பிளேனின் முகம் நன்றாகத் தெரியும். அதன் ஜன்னல்களை எண்ணி, பின்னாலிருந்து ஐந்தாவதில் அம்மாவை இருத்தியும் வைத்திருந்தேன்.

குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே உப்புநீர் வாவி. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். இரண்டு பக்க உப்பும் போதாதென்று, கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மேற்கேயிருந்து வயல் புழுதி முழுவதும் வீட்டுக்குள் வந்து குடியேறும். சோகேஸின் ஒரு கண்ணாடி உடைந்திருந்ததால் பிளேனின் மேலும் மண்ணிறத்தில் ஒரு படை. தொட்டால் அடி விழும் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆகையால் தொடாமல் ஊதிப் பார்ப்பேன். ஊதினால் புழுதி என் கண்ணுக்குத்தான் வரும்.

கச்சான் ஓய்ந்த கையோடு நவராத்திரி வந்தது. அடுத்த மாதம் அம்மா வருகிறார் என்று போனில் செய்தியும் வந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, மெயின் ரோட்டில் ஓட்டோக்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கராஜ் வைத்திருந்தார். ஆயுத பூசையன்று அங்கே ஓட்டோக்கள் வரிசையாக நிற்கும். ஐயர் ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைப்பார். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சை, எங்கள் ஊர்ப் பேச்சில் தேசிக்காய். வண்டி முன்னே நகர்ந்து அதை நசுக்கியதும், இனி ஒரு வருடத்துக்கு ஆபத்தில்லை என்று எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் கல்முனைக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் ஓடுகிற ஓட்டோவுக்கே இவ்வளவு காவல் வேண்டுமென்றால், கடலைத் தாண்டி அம்மாவைக் கொண்டுவர வேண்டிய பிளேனுக்கு யார் செய்வது?

நானே செய்தேன். பூசைத் தட்டில் மிஞ்சிய சந்தனத்தையும் குங்குமத்தையும் பன்னீரில் குழைத்து, மூக்கில் ஒன்று, வாலில் ஒன்று, செட்டை என்று நாங்கள் சொல்கிற இறக்கைக்கு ஒன்றாக இரண்டு என்று தாராளமாகவே வைத்தேன். முழுத் தேசிக்காய் வைத்தால் பிளேன் மலையேறியதுபோல நின்றது. ஆகவே தேசிக்காய் விதை இரண்டை எடுத்து, இருந்த இரண்டு சக்கரங்களுக்கும் கீழே வைத்து, மெதுவாக உருட்டி நசுக்கினேன். தீப்பெட்டிக்கு விதை தேவைப்படவில்லை. முடிந்ததும் கும்பிட்டேன். அவ்வளவு திருப்தியான வேலை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை.

இரண்டு கிழமை கழித்துக் காய்ந்த பொட்டை எடுக்கப் போனபோதுதான் விளங்கியது. ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தேன். சந்தனம் போனது, ஆனால் கச்சான் கொண்டுவந்த மண்ணும் சேர்ந்து உரசியதில் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பூனை பிராண்டியதுபோலக் கீறல்கள். குங்குமமோ போகவே இல்லை. வெள்ளைச் செட்டையில் இளஞ்சிவப்பாகப் படர்ந்து, பொருத்துக்கோடுகளுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. பிளேனைப் பள்ளிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு மாமாவின் கராஜுக்கு ஓடினேன்.

மாமா நல்ல மனிதர். தனக்குத் தெரியாத வேலை ஒன்று இருக்கலாம் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. "தின்னருக்குப் போகாத கறை உலகத்தில இல்ல, புள்ள" என்று ஒரு துணியை நனைத்து வலது செட்டையில் ஓர் இழுப்பு இழுத்தார். கறை போனது உண்மை. கூடவே செட்டையின் மினுமினுப்பும் போனது. துணியின் நுனி பட்டு ஜன்னல்களில் இரண்டும் போயின. செட்டை பால்போல வெளிறி, பசைபிடித்து நின்றது. அவர் அதை என் கையில் தந்தார். வாங்கிப் பிடித்த என் பெருவிரல், அப்பத்தின் நடுவில் பதிந்ததுபோல, செட்டைக்குள் மெல்ல இறங்கியது. எடுத்துப் பார்த்தால் ரேகைகூடத் தெளிவாகப் பதிந்து கிடந்தது.

இரும்பில் வேலை செய்கிறவருக்குப் பிளாஸ்டிக் கரையும் என்று யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? மாமாவின் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் என் பயம் வேறு. அம்மா வருவதற்கு இன்னும் ஒன்பது நாள். பிளேனின் வலது செட்டை உருகிவிட்டது.

அந்த ஒன்பது நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று நினைத்து அப்பா கொத்தமல்லி அவித்துத் தந்தார். அவர் வான் பிடித்து விமான நிலையத்துக்குப் போனபோது நான் வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் வான் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய மெலிந்த பெண் என்னை நோக்கிக் கையை நீட்டினார். நான் கிட்டப் போகாமலே கேட்டேன்.

"நீங்க வந்த பிளேனுக்கு ரெண்டு செட்டையும் இருந்திச்சா?"

"ஓம் புள்ள, ரெண்டும் இருந்திச்சு. அதாலதானே வந்து சேந்தன்."

அதற்குப் பிறகுதான் நான் அழுதேன். அழுகையோடு எல்லாம் வெளியே வந்தது. அக்காவைப் பார்க்க வந்திருந்த மாமா தன் பங்கை ஒப்புக்கொள்ளாமல் கூரையைப் பார்த்தார். அப்பா என் முதுகில் ஒன்று வைக்கத் தயாரானார். நான் கொண்டுவந்து நீட்டிய பிளேனை அம்மா கையில் வாங்கினார். கோபப்படவில்லை. உடுப்பு மாற்றவுமில்லை, பெட்டிகளைப் பிரிக்கவுமில்லை. ஒரு பேசினில் தண்ணீர் வேண்டும் என்றார்.

பிறகு நடந்ததை நான் வாய் திறந்தபடி பார்த்தேன். அம்மா தன் கைப்பைக்குள்ளிருந்து முகப்பூச்சுக்குப் பாவிக்கிற மென்மயிர்த் தூரிகை ஒன்றை எடுத்து, முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் புழுதியை மட்டும் தட்டினார். மண் இருக்கும்போது ஈரத்தால் தேய்த்தால் கீறும் என்று யாருக்கோ சொல்வதுபோல முணுமுணுத்தார். தண்ணீர் இளஞ்சூடாக இருக்கவேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டுவதற்குப் பார்ப்பதுபோல மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்த்தார். அதில் குழந்தைகளின் ஷாம்பு மூன்றே சொட்டு. பிளேனை அதற்குள் அமிழ்த்தவில்லை. தூரிகையை நனைத்து, மூக்கிலிருந்து வால் நோக்கி ஒரே பக்கமாக நீவினார். மிஞ்சிய ஜன்னல் ஸ்டிக்கரின் ஓரம் வந்ததும் கை தானாகவே மெதுவாகியது. இடது செட்டையின் கோடுகளுக்குள் இருந்த குங்குமத்தின்மேல் நனைத்த பஞ்சை வைத்துக் காத்திருந்தார். அது ஊறி வந்ததும் காது துடைக்கிற பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்தார். தேய்க்கவே இல்லை, எல்லாம் ஒற்றல்தான்.

அப்பாவும் மாமாவும் கோவில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்பதுபோலக் கைகட்டி நின்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் எந்தப் பொருளையும் இவ்வளவு மரியாதையாகத் தொட்டு நான் கண்டதில்லை. பேசினின் தண்ணீர் மெல்லச் சிவந்துகொண்டே வந்தது, பிளேன் வெளுத்துக்கொண்டே போனது. அம்மா பெரிய ஆள் என்று அந்த இடத்திலேயே முடிவுசெய்தேன். கூடவே பொறாமையாகவும் இருந்தது. அந்தக் கை என்னை எப்போதாவது அப்படிக் கழுவியிருக்குமா என்று யோசித்தேன். நினைவில் ஒன்றும் அகப்படவில்லை.

கழுவி முடிந்ததும் மாமா ஏதாவது உதவி செய்யவேண்டுமே என்று அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். "வெயிலில வைக்காத தம்பி, வளைஞ்சிரும்" என்று அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். துவாய் விரித்து நிழலில் வைத்தார்கள்.

மிஞ்சியது வலது செட்டை. அம்மா அந்தக் குழியைப் பார்த்தார். என் கையைப் பிடித்து இழுத்து, பெருவிரலை அதற்குள் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"இது போகாதா அம்மா?"

"இது போகாது, புள்ள. கிடக்கட்டும்."

பெரிய ஆளுக்கும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் அம்மா திரும்பிப் போனார். வாசலில் வான் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, சோகேஸைத் திறந்து அந்தக் குழியில் தன் சுட்டுவிரலை ஒருமுறை வைத்து எடுத்தார். தூசு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

இப்போது அம்மா எங்களோடுதான் இருக்கிறார். போன மாதம் என் மகன் தன் பிளாஸ்டிக் பஸ்ஸின் உடைந்த கண்ணாடியை ஒட்டப் போய், பசை பட்டு இளகிய கூரையில் ஐந்து விரலையும் பதித்துவிட்டு அலறினான். அம்மா அவனை மடியில் இருத்திக்கொண்டு, மாமாவின் கராஜிலிருந்து ஆகவும் மெல்லிய சாண்ட் பேப்பர் வாங்கிவரச் சொன்னார். பசையை நன்றாகக் காயவிட்டு, சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வட்டம்வட்டமாகத் தேய்த்தார். பிறகு துணியில் கொஞ்சம் பற்பசை வைத்து மினுக்கினார். அரைமணி நேரத்தில் கூரை புதிதுபோல இருந்தது. விரல் பட்டதற்கு அடையாளமே இல்லை. எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன்.

குவைத்து வீட்டு மகனுக்கு ஓர் அறை நிறையப் பிளேனும் காரும் கப்பலும் இருந்ததாம். கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொன்றாகக் கழுவி, அதே இடத்தில் அதே திசையில் வைக்கவேண்டும். அவன் எறிந்த, ஒரு சக்கரமில்லாத பிளேனைத்தான் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பினாராம். "அந்தப் பொடியன் பசைக் கையால தொட்டுத் தொட்டு வைப்பான். இப்பிடி எத்தினை விரலை நான் எடுத்திருப்பன்" என்றார் அம்மா, பஸ்ஸைத் திருப்பிப் பார்த்தபடி.

நான் சோகேஸைப் பார்த்தேன். பிளேன் தீப்பெட்டியில் சாய்ந்து நின்றது. போகாது என்று அம்மா சொன்ன விரல் வலது செட்டையில் அப்படியே கிடந்தது. மூன்று வயதில் விட்டுப்போன பிள்ளையின் கை ஏழு வயதில் எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே அளவு அதுதான்.