விரிசலுக்கு மேல் முருகன்

கார், வேன்களின் முன்கண்ணாடியில் விழும் விரிசலுக்குள் பசை ஏற்றி அடைப்பது அப்பாவின் தொழில். பைபாஸில் பாதி விலைக்கு இதே வேலையைச் செய்யும் ஒரு புதுக் கடை வந்ததிலிருந்து எங்களிடம் வருவோர் குறைந்துவிட்டார்கள்.

இன்று எரியோட்டிலிருந்து ஒரு தக்காளி வேன் வந்தது. அந்தக் கடையில் ஏற்கெனவே சரிசெய்த கண்ணாடியாம். விரிசலை அடைக்காமல், அதன்மேல் முருகன் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். விரிசல் முருகனையும் தாண்டி வளர்ந்திருந்தது.

"ஸ்டிக்கர உரிச்சாத்தாண்ணே அடைக்க முடியும்" என்றார் அப்பா.

டிரைவர் பதறிப்போனார். "சாமிய உரிக்கிறதா? வெளாடுறீகளா? நான் அங்கயே போறேன். வேல் ஸ்டிக்கரு இதவிட நீளமா இருக்காம்."

போயேவிட்டார்.

அப்பா பசைக் குழாயை மூடிவைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "ஏத்தா, பெரிய சாமி ஸ்டிக்கரு எங்க கெடைக்கும்?"

தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். டிரைவருக்கு ரோடு தெரியக் கொஞ்சம் இடம் மிஞ்சினால் போதும்.