பெரியப்பா நனைந்த சித்திரை

ஊர் திரும்பிவிட்டோம் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் திரும்பியவர் அவர் ஒருவர்தான். ரங்கூனில் பிறந்த எனக்கும், பர்மியக் குடும்பத்தில் பிறந்து அப்பாவை மணந்த அம்மாவுக்கும் கொரட்டூர் அதுவரை கண்டிராத அயல்நாடு. யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, அப்பா வேலைபார்த்த மரக்கிடங்கை மூடிவிட்டார்கள். நாங்கள் கப்பலேறி வந்து ஏரிக்கரைத் தெருவில் ஒரு வீட்டில் குடியமர்ந்தோம்.

புதிய நாட்டில் குடியேறும் ஒருவர் செய்யவேண்டிய அனைத்தையும் அம்மா முறையாகச் செய்தாள். லுங்கிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் புடவைக்கு மாறினாள். அது நடந்தால் தடுக்கியது, உட்கார்ந்தால் அவிழ்ந்தது. கன்னத்தில் அவள் பூசும் மரப்பட்டைச் சாந்தைக் கண்டு, அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று தெருவில் பேச்சுக் கிளம்பியதும் அதையும் விட்டாள். அப்பா நாள்தோறும் விதிகள் சொல்லிக்கொடுத்தார். இடக்கையால் எதையும் நீட்டக் கூடாது. பெரியவர் எதிரே காலை நீட்டக் கூடாது. விளக்கு வைத்தபின் உப்புக் கொடுக்கக் கூடாது. உப்புக் கேட்டு எவரும் வந்ததே இல்லை என்றாலும் அம்மா அதையும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

ஊரார் எங்களைக் கொடுமை செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். வழி கேட்டால் சொன்னார்கள். கிணற்றடியில் அம்மா வந்தால் இடம் விட்டார்கள். சற்று அதிகமாகவே விட்டார்கள். ஆனால் எங்கள் வாசற்படியை மட்டும் ஒருவரும் மிதிக்கவில்லை.

அதற்குக் காரணம் பெரியப்பா. அப்பாவின் அண்ணனான அவர், நாங்கள் வந்திறங்கிய வாரத்திலேயே, "பர்மாக்காரி ஊட்ல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அது ஊருக்கே சட்டமாகிவிட்டது. மூத்தவர் சாப்பிடாத வீட்டில் மற்றவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்? சாப்பிடக் கூடாத வீட்டுக்கு எதற்காக வருவார்கள்? விலக்கிவைத்தல் என்பது பெரும்பாலும் இப்படித்தான், யாரும் யாரையும் விலக்காமலே நடந்துவிடுகிறது என்பதைப் பின்னாளில் படிப்பின் வழியாக அறிந்தேன். அப்போது தெரிந்ததெல்லாம், அம்மாவோடு பேச அப்பாவையும் என்னையும் விட்டால் ஆளில்லை என்பதுதான்.

பெரியம்மாவின் ஓயாத நச்சரிப்பினால் ஒருவழியாகப் பெரியப்பா இறங்கிவந்தார். சித்திரை முதல் நாள் எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிடுவதாகச் சம்மதித்தார். இதுவும் பலிக்காவிட்டால் வேறு ஊர் பார்க்கவேண்டியதுதான் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

பர்மியர்களுக்கும் அதையொட்டித்தான் புத்தாண்டு. அந்நாட்களில் ஒருவர் மீது ஒருவர் தண்ணீர் ஊற்றுவது அங்கே மரபு. பழைய ஆண்டின் அழுக்கைக் கழுவி வாழ்த்துவதாகப் பொருள். வாழ்த்தைப் பெறுபவர் தலைகுனிந்து ஏற்றுக்கொள்வார். நூறு விதிகள் சொன்ன அப்பா இதை மட்டும் தடுக்கவில்லை. அங்கே நெடுங்காலம் வாழ்ந்தவருக்கு, தண்ணீர் ஊற்றுவதில் தடுப்பதற்கு ஏதேனும் இருக்கக்கூடும் என்றே தோன்றியிராது.

மற்ற விருந்தினருக்கென்றால் அம்மா வெள்ளிக் கிண்ணத்தோடு நின்றிருப்பாள். வருபவரோ குடும்பத்துக்கே மூத்தவர். கிண்ணம் அவமரியாதை ஆகிவிடக் கூடாதே என்று குடம் நிறையத் தண்ணீர் எடுத்து, சந்தனம் கரைத்து, மல்லிகை மிதக்கவிட்டாள். அப்பா வாழையிலை அறுக்கக் கொல்லைப்புறத்துக்கு அப்பால் இருந்த தோப்புக்குப் போயிருந்தார். பெரியப்பா மடிப்புக் கலையாத வேட்டியும் புதுத் துண்டுமாக வந்தார். எங்கள் வீட்டு நிலைப்படி தாழ்வானது. உள்ளே நுழையக் குனிந்தார். அவர் வாழ்த்தை ஏற்கத்தான் குனிகிறார் என்று அம்மா மகிழ்ந்துபோனாள். தோளில் ஊற்றவேண்டியது முழுக்கத் தலையில் இறங்கியது.

"ஒடம்பு மனசு எல்லாம் குளுந்து நல்லா இருங்கோ, மாமா" என்றாள் அம்மா. அந்த வாக்கியத்தை அவள் காலையிலிருந்து பயிற்சி செய்திருந்தாள்.

பெரியப்பா கோபம் வந்தால் பேசாத இனம். காதில் ஒரு மல்லிகை ஒட்டியிருக்க, வந்த வழியே திரும்பி நடந்தார். உடை மாற்றிக்கொண்டு வருவார் என்று அம்மா சொன்னாள். ரங்கூனில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

கொரட்டூரில் அதற்கு வேறு பொருள் இருந்தது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால்தான் அங்கே ஒருவர் உடுத்திய துணியோடு தலைக்கு ஊற்றிக்கொள்வார். நல்ல நாளும் அதுவுமாகச் சொட்டச் சொட்ட நடந்து வந்தவரைக் கண்டு எண்ணெய்க்காரர் பதறிப்போய், "இன்னா அண்ணாத்தே, ஆரு?" என்று கேட்டார். பெரியப்பா வாய் திறக்காமல் எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போனார். தம் வீட்டில் பெரியம்மா கேட்டதற்கும் அதே கைதான் பதில். பங்காளி வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியக் கூடாது. அவள் கொதித்துக்கொண்டிருந்த பாயசத்தை இறக்கி, அடுப்பில் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடிவந்தாள். தெருப் பெண்கள் அவள் பின்னால் ஓடிவந்தார்கள்.

"கப்ப ஏறிப் போயி கர சேந்து வந்தியே கொய்ந்தனாரே! ஊட்டாண்ட வந்தும் ஒரு வாய் துன்னாம பூட்டியே!"

தலைவிரிகோலமாக உள்ளே நுழைந்த பெரியம்மா, குடத்தோடு நின்ற அம்மாவை இறுகக் கட்டிக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டு, அவளைத் தரையில் அமர்த்திச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அம்மா முதலில் மரம்போல் இருந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பெரியம்மாவின் தோளில் முகம் புதைத்து அவர்கள் எல்லோரையும்விடப் பலமாக அழுதாள்.

சற்றுப் பொறுத்து, விருந்தினரைக் கவனிக்காமல் இருக்கிறோமே என்ற எண்ணம் வந்திருக்கவேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து, ஒவ்வொருத்தி தோளிலும் பதமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"பாவம், அவுங்க ஊர்ல சாவு ஊட்லயே குளிப்பாட்டிடுவாங்க போலகீது" என்று ஒருத்தி விசும்பலுக்கிடையே விளக்கினாள். எல்லோரும் மறுக்காமல் நனைந்தார்கள்.

அப்போதுதான் கொல்லை வாசல் வழியாக அப்பா கையில் வாழையிலைக் கட்டோடு வந்து நின்றார்.

"ஐயையோ!" என்று அலறினாள் ஒரு கிழவி. "பொணம் எல அறுத்துகினு வருது!"

அப்பா என்னிடமிருந்து நடந்ததைக் கேட்டு, அவர்களுக்குப் பர்மிய வழக்கத்தை விளக்குவதற்குள் வியர்த்துப்போனார். அம்மா அதற்குள், வந்தவர்களுக்கும் சேர்த்துச் சோறு போதுமா என்று பார்க்க அடுக்களைக்குள் போயிருந்தாள். நிதானமாகப் பேசினால்தான் அவளுக்குத் தமிழ் பிடிபடும். அங்கு ஒருவரும் நிதானமாக இல்லை. முதலில் சிரித்தவள் பெரியம்மா. அந்தச் சிரிப்பு அடங்குமுன் பெரியப்பா வேறு வேட்டியில் வாசலில் நின்றார்.

"ஊட்ல அடுப்ப அணைச்சிட்டு இங்க வந்து இன்னாடி சிரிப்பு?"

"ஆருன்னு கேட்டா வாயத் தொறந்து சொல்லணும். கைய காட்டிட்டு குந்திகினா நான் இன்னான்னு நெனைக்கிறது?"

"அப்போ சோறு?"

"இங்கதான் கீது. துன்னா துன்னு. இல்லன்னா நாளிக்கிதான்."

உச்சி வெயில் ஏறியிருந்தது. பெரியப்பா வீதியைப் பார்த்தார். அங்கே ஊர் நின்றுகொண்டிருந்தது. அடுக்களையிலிருந்து மாங்காய்ப் பச்சடியின் மணம் வந்தது. அப்பா இலையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். அந்த ஒரு கணத்தில் எங்கள் வீடு கொரட்டூரில் இருக்குமா இல்லையா என்பது முடிவாகவேண்டியிருந்தது.

பெரியப்பா நிலைப்படியை மேலும் கீழும் ஆராய்ந்து, இந்தமுறை முதுகை முன்னே விட்டுப் பின்னோக்கி நுழைந்தார். இலையின் முன் அமர்ந்தார்.

"தம்பி, நான் எயுந்து போற வரிக்கும் அந்தக் கொடம் என் கண்ணுக்கு எதுருலயே இருக்கட்டும்."

குடத்தை எதிரே வைத்தார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பச்சடியை இரண்டாம் முறை கேட்டு வாங்கியபோது வாசலில் நின்றவர்களும் கால் கழுவத் தொடங்கினார்கள். அன்று எங்கள் வீட்டில் பந்தி பந்தியாகச் சாப்பிட்டார்கள். பெரியம்மா போகும்போது, நாளைக்குச் சாயங்காலம் உப்புக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். விளக்கு வைப்பதற்குள் அனுப்பவேண்டுமே என்று அம்மா கவலைப்பட்டாள்.

எல்லோரும் போனபின் இலைகளை எடுத்துக்கொண்டே அம்மா பர்மிய மொழியில் அப்பாவைக் கேட்டாள்.

"உங்கள் ஊரில் புத்தாண்டுக்கு இப்படித்தானா? பெண்கள் எல்லோரும் வந்து, கட்டிப்பிடித்து, சேர்ந்து அழுவார்களா?"

அப்பா அவள் கையிலிருந்த இலைகளை வாங்கிக்கொண்டார். "ஆமாம். வேண்டியவர்கள் வீட்டில் மட்டும்" என்றார்.

"முன்பே சொல்லியிருக்கலாமே" என்றாள் அம்மா. இன்னும் சிவந்திருந்த கண்களோடு ஒரு பெண் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை.

நான் குறுக்கிட வாயெடுத்தேன். அப்பா என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டார். அப்படி அழுவது சாவுக்குத்தான் என்று சில மாதம் முன்பு வந்த எனக்கே தெரிந்த ஊர் வழக்கம், இங்கே பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் மானத்தைக் காக்கவேண்டிய பொறுப்பு என்னுடையது என்று தீர்மானித்து, அப்பாவின் அறியாமையை வெகுகாலம் யாரிடமும் சொல்லாமல் காத்தேன்.