இருமினால் ஏறும் சைக்கிள்

போன வாரம் காவலூர் போகிற பஸ், மலைப்பாதையில் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டுமாம். இறங்கி நின்றேன். கீழேயிருந்து ஒரு பையன் வந்தான். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டின டிரஸ், மோட்டார் பைக் விலையில் ஒரு சைக்கிள். எல்லாம் இருந்தது. ஆனால் சைக்கிள் மேல் அவன் இல்லை. தள்ளிக்கொண்டு வந்தான்.

“இன்னா தம்பி, பஞ்சரா?”

“இல்லங்க ஆன்ட்டி... ஏத்தம் தாங்கல.”

ரேஸுக்குப் பிராக்டீஸாம். இந்த மாதிரி ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து, நின்றுகொண்டே மிதிக்க வேண்டுமாம். பெங்களூரில் ஒரு கோச் சொல்லித் தருகிறாராம். “கோச் இல்லாம அது வராதுங்க” என்றான்.

வாஸ்தவம். எனக்கும் ஒரு கோச் இருந்தார். என் மாமனார்.

சிரிக்காதீர்கள். எழுபதுகளின் கடைசி அது. மலையடிவாரத்தில் எங்கள் ஊர். மலை மேலே ஒரு பால்வாடியில் எனக்கு ஆயா வேலை கிடைத்தது. பஸ் வந்தால் வரும். அதனால் என் வீட்டுக்காரர் ஒரு நர்ஸம்மாவிடமிருந்து பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். கற்றுக்கொண்டேன். முழங்காலில் இன்னும் அடையாளம் இருக்கிறது.

மாமனாருக்குப் பிடிக்கவில்லை. அதை என்னிடம் சொல்லவும் இல்லை. அந்தக் காலத்தில் மாமனார் மருமகளிடம் நேராகப் பேச மாட்டார். நான் எதிரிலேயே நிற்பேன். அவர் மகனைப் பார்த்துச் சொல்வார்.

“ஒம் பொண்டாட்டி சைக்கிள்ல போனா ஊர்ல இன்னாடா பேசுவானுங்க?”

“வேலைக்குத்தானே நைனா போறா...”

“சரிடா. திருவியாவுக்கு மலை ரேஸு வுட்றானுங்களே, அதுல போவட்டும். கால தரையில வெக்காம மேல போய்ட்டா, வேலைக்குப் போவட்டும். வெச்சாளா... சைக்கிள வித்துடு.”

பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். வருஷா வருஷம் திருவிழாவுக்குக் கீழேயிருந்து மலை மேல் காவலூர் வரைக்கும் அந்த சைக்கிள் ரேஸ் நடக்கும். புளியமரத்து வளைவில் ஆம்பிளைகளே இறங்கித் தள்ளுவார்கள். அங்கே ஒரு தடவை இறங்கினால் மறுபடி ஏறி மிதிக்க முடியாது. அவ்வளவு செங்குத்து. அவருக்கு அது தெரியும்.

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

ரேஸ் அன்று பொம்பளை நான் ஒருத்திதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செயினில் மாட்டாமல் ஒரு கயிறும் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் பேர் கொடுத்திருந்தார். துணைக்காம். விசில் ஊதினதும் துணை முன்னால் போய்விட்டது.

மூன்றாவது வளைவில் பார்க்கிறேன், துணை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறது. புருஷனை முந்துவது மரியாதை இல்லையே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே முந்தினேன்.

“நான் வந்துடறேன்... நீ போம்மே!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வந்து சேர்ந்தார், சாயந்திரம்.

புளியமரத்து வளைவு வந்தது. மூச்சு வாங்குகிறது. சைக்கிள் நிற்கலாமா, சாயலாமா என்று யோசிக்கிறது. அப்போது பார்க்கிறேன்... மரத்தடிப் பாறையில், கையில் பீடியோடு என் மாமனார்! குறுக்குப் பாதையில் நடந்தே ஏறி, எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

என்னைப் பார்த்தார். இருமினார்.

இந்த இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் மாமனார் உள்ளே வருவதற்கு முன்னால் இருமுவார். இருமினால் மருமகள் எழுந்து நிற்க வேண்டும். மாவு அரைத்தாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும், எழுந்துவிட வேண்டும். கல்யாணமானதிலிருந்து எனக்கு அதே வேலை. தூக்கத்தில் அவர் இருமினாலும் எழுந்து நின்றிருக்கிறேன்.

இப்போது புரிகிறதா அவர் கணக்கு? இருமினால் மருமகள் இறங்கி நிற்பாள். இறங்கினால் கால் தரையில். சைக்கிள் போச்சு, வேலை போச்சு. இறங்காவிட்டாலோ... மாமனாரை மதிக்காதவள் என்று ஊர் முழுக்கச் சொல்லலாம். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவருக்கு லாபம்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். இருமல் காதில் விழுந்ததும் உடம்பு தானாக எழுந்துவிட்டது.

எழுந்து நின்றேன். பெடல் மேல்.

என் மொத்தக் கனமும் ஒரு காலில் இறங்கியது. செயின் கறக் என்றது. சாகக் கிடந்த சைக்கிள் ஒரு முழம் முன்னால் போனது! அவர் பாறையை விட்டு எழுந்தார். பலமாக இருமினார். அவர் இருமும்போது நான் எப்படி உட்காருவது? அடுத்த காலை மிதித்தேன். அவர் கூடவே நடந்து வந்து இருமினார். நானும் விடாமல் நின்று மிதித்தேன். வளைவு முடிந்தது. திரும்பிப் பார்த்தேன். இப்போது அவருக்கு நிஜமாகவே இருமல் வந்திருந்தது.

ரேஸில் நான் கடைசிக்கு முன்னால். ஆனால் கால் தரையில் படவில்லை. ஒரு பிளாஸ்டிக் பக்கெட் பரிசு கொடுத்தார்கள்.

சாயந்திரம் வீட்டில் பஞ்சாயத்து. நான் நிற்கிறேன். அவர் மகனைப் பார்த்துப் பேசுகிறார்.

“நான் இருமனேன்டா. எறங்கினாளா ஒம் பொண்டாட்டி?”

என் வீட்டுக்காரர் அப்பாவை மடக்கிப் பேசினது அன்றைக்கு ஒரு நாள்தான். “நைனா, நீ இருமுனா எயுந்து நிக்கணும். அவ்ளோதானே நம்ம வூட்டு வழக்கம்? நின்னாளா, இல்லியா?”

மாமனார் பீடியை இழுத்துப் பார்த்தார். பீடி அணைந்துவிட்டது.

“நின்னா.”

“அப்பறம் இன்னா?”

“இன்னாவா? வேலைக்குப் போவச் சொல்லு. பொழுது சாயறதுக்குள்ள வூடு வந்து சேரச் சொல்லு.”

போனேன். ரிட்டையர் ஆகிற வரைக்கும் போனேன்.

அந்த ரேஸையும் நான் விடவில்லை. அடுத்த வருஷம், திருவிழாவுக்கு முந்தின நாள், வாசலில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மாமனார் வந்தார். எழுந்து நின்றேன். மகன் வீட்டில் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, என்னிடமே கேட்டார்.

“ஏம்மா... இந்த வாட்டி எந்த வளைவுல இருமணும்?”