எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை

போன கார்த்திகையில் நான் மாலை போட்டுப் பன்னிரண்டாவது நாள். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற இடத்தில் எனக்கு வேலை. காலையில் போய் மதியம் மூன்று மணிக்கெல்லாம் திருவொற்றியூருக்குத் திரும்பி விடுவேன். மாலை போட்டால் காலில் செருப்புக் கிடையாது. ஐஸ் தண்ணீரில் நின்று நின்று பாதம் மரத்துப் போயிருக்கும். அன்றைக்கும் மீன் வாடை போகச் சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்து, விபூதி பூசி, சாமி படத்துக்கு விளக்கேற்றித் தீக்குச்சியை அணைத்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். தோளில் துணிப்பை, கையில் நோட்டு, கழுத்தில் அட்டை.

"சாமி, கார்ப்பரேஷன் ஸ்கூல்லேர்ந்து வர்றோம். வீட்டுல மாற்றுத்திறன் குழந்தைங்க யாராச்சும் இருக்காங்களா? பேச்சு வராதது, காது கேக்காதது, புரிஞ்சுக்கறது கொஞ்சம் மெதுவா இருக்கறது... அந்த மாதிரி?"

"சாமி புண்ணியத்துல அப்படி யாரும் இல்லம்மா" என்றேன்.

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். கதவுப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்தார். "வரேன் சாமி" என்று பக்கத்து வீட்டுக்குப் போனார்.

உள்ளே டி.வி. முன்னால் என் மகள் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. அவளுக்குப் பேச்சு வரவில்லை. பசித்தால் தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், தூக்கம் வந்தால் பாயை இழுப்பாள், அவ்வளவுதான். அவள் பேச வேண்டும் என்றுதான் அந்த வருஷமும் நான் மாலை போட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இதை எழுதும்போதும் எனக்குப் பிடிபடவில்லை. விளக்கு வைத்த நேரத்தில் வீட்டில் குறை இருக்கிறது என்று வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவன் நான். சரணம் சொல்கிற வாய், படம் எதிரே இருக்கிறது, இப்போதுதான் அவளுக்காக வேண்டிக்கொண்டு திரும்புகிறேன். உடனே வேறு ஒருவரிடம் 'ஆமாம், என் பெண் அப்படித்தான்' என்று சொன்னால் வேண்டினதையே நான் அடித்துவிட்ட மாதிரி ஆகாதா? அப்படித்தான் அன்று தோன்றியது. வெட்கமும் இருந்திருக்கலாம். எது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

தண்ணி லாரியில் பிடித்த குடத்தோடு என் வீட்டுக்காரி வந்தாள். சுவரைப் பார்த்தாள்.

"இன்னா சாமி இது கோடு?"

"ஸ்கூல்லேர்ந்து வந்தாங்க. பேச்சு வராத புள்ளைங்க யாருனா கீறாங்களான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

சொன்னேன். அவள் குடத்தை இறக்கவில்லை. இடுப்பில் வைத்தபடியே நின்றாள்.

"மாலைய போட்டுகினு, சாமி படத்தாண்ட நின்னுகினு பொய் சொல்லிக்கீற. நல்லா கீது சாமி உன் பக்தி."

"பொய் இல்லம்மா அது..."

"அப்போ உள்ள குந்திகினு கீதே, அது யாரு? எதுத்த வூட்டுப் பொண்ணா?"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு வயதில் பாப்பாவைத் தெருக்கோடியில் இருக்கிற கார்ப்பரேஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். பாடம் நடக்கும்போது எழுந்து போய்க் குழாயடியில் உட்கார்ந்துகொள்வாள். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, 'கொஞ்ச நாள் வீட்டுலயே வெச்சுக்கங்க' என்று தலைமை ஆசிரியை தன்மையாகத்தான் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருஷம் ஆனது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அப்போது இருந்த ஒரே வகுப்பு ராயபுரம் தாண்டி இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். கூட்டம் ஏறினால் பாப்பா காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். என் வீட்டுக்காரி ஒரு மாதம் தூக்கிக்கொண்டு அலைந்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் வந்துபோன மறு வாரம் தண்ணி லாரி வரிசையில்தான் சேதி கிடைத்தது. எங்கள் பக்கத்துக் கார்ப்பரேஷன் பள்ளி எல்லாவற்றிலும் இனி தனி அறை வருகிறதாம், தனி டீச்சர் வருகிறாராம். எங்கள் தெருக்கோடிப் பள்ளியிலும் வெள்ளையடித்துப் பாய்கூடப் போட்டாயிற்றாம். என் வீட்டுக்காரி அன்றைக்குச் சமைக்கவில்லை. "கெளம்பு" என்றாள்.

போனோம். அறையில் பெயின்ட் வாசனை போகவில்லை. சுவரில் ஆள் உயரக் கண்ணாடி, மூலையில் ஒரு மூட்டைக் கலர்ப் பந்து. உள்ளே இருந்தது வீட்டுக்கு வந்த அதே பெண், அவர்தான் டீச்சர்.

"சாமி, நீங்களா? உங்க வீட்டுல யாரும் இல்லன்னு சொன்னீங்களே?"

என் பின்னால் நின்ற பாப்பா நேராக உள்ளே போய்ப் பந்து மூட்டைமேல் உட்கார்ந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அவரு சாமி கிட்ட சொன்னாரு டீச்சர், உங்க கிட்ட சொல்லல" என்றாள் என் வீட்டுக்காரி. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. வீடு வீடாக எடுத்த பட்டியல் மேலே போய்விட்டது, அதை வைத்து இந்த அறைக்கு இத்தனை பிள்ளைகள் என்று பிரித்துவிட்டார்கள், மிச்சம் இருக்கிற ஒரே ஒரு இடத்துக்குச் சொல்லிப் பார்க்கலாம் என்றார்.

"நீங்க மலைக்குப் போயிட்டு வந்த மறு வாரம் முகாம் இருக்கு. டாக்டர் பாத்து குறை எவ்வளவு சதவீதம்னு எழுதித் தரணும். கம்மியா எழுதிட்டா அந்த இடத்தை என்னால தர முடியாது சாமி."

"கம்மியா வந்தா நல்லதில்லையா டீச்சர்?"

அவர் பேனாவை மூடினார். "உங்க பொண்ணுக்கு நல்லது. இந்த இடத்துக்கு நல்லதில்ல" என்றார்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். மார்க் கூடினால் சந்தோஷம், குறைந்தால் அடி, அது தெரியும். இது எந்தப் பக்கம் கூட வேண்டும், எந்தப் பக்கம் குறைய வேண்டும் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன்.

சாயங்காலம் பஜனையில் குருசாமியிடம் போய், 'மாலையில் இருந்துகொண்டு பொய் சொல்லிவிட்டேன், கழற்றிவிடவா' என்று கேட்டேன். முழுசும் கேட்டுவிட்டு அவர், "உன் பொண்ணு நல்லாதான சாமி கீது? சாப்டுது, தூங்குது, சிரிக்குது. அப்பறம் இதுல எங்க பொய்யி?" என்றார். எழுந்து போகும்போது, "இருந்தாலும் நூத்தியெட்டு சரணம் எக்ஸ்ட்ராவா சொல்லிடு" என்றார். பொய் இல்லை என்றால் நூற்றெட்டு எதற்கு? கேட்கத் தைரியம் வரவில்லை. சொல்லி முடித்தேன்.

பாப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குச் செருப்பு என்றால் உயிர். வாசலில் எத்தனை செருப்பு கலந்து கிடந்தாலும் ஜோடி ஜோடியாகச் சேர்த்து நேராக வைப்பாள். யாராவது கிளம்பினால் அவர்களுடையதை எடுத்து வந்து காலடியில் வைப்பாள். மாலை போட்ட நாள் முழுக்க என் செருப்பையும் தினமும் வைத்தாள். நான் தாண்டிப் போவேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தால், செருப்புக்குப் பக்கத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவளுக்கு மாலையைப் பற்றி எப்படிச் சொல்லுவேன்?

மலைக்குப் போனேன். ஏழு வருஷமாகப் போகிறேன், ஐந்து வருஷமாக ஒரே வேண்டுதல். படியேறும்போதுதான் திடீரென்று உறைத்தது. இப்போது 'பேச வை' என்று கேட்டு, சாமி உடனே கொடுத்து, அடுத்த வாரம் முகாமில் டாக்டர் முன்னால் அவள் வாயைத் திறந்துவிட்டால்? இடம் போய்விடும். இடம் போனால் மறுபடியும் டி.வி. முன்னால்தான். அப்படியென்றால் முகாம் முடியட்டும், அதற்கப்புறம் பேச வை என்று கேட்கலாமா? சாமியிடம் தேதி சொல்லலாமா? சன்னிதி வந்துவிட்டது. போலீஸ்காரர் தோளில் கைவைத்துத் தள்ளினார். வெளியே வந்து பார்க்கிறேன், நான் ஒன்றுமே கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. கூட வந்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தள்ளுவண்டியில் சில பிள்ளைகள், இடுப்பில் சில பிள்ளைகள். எங்கள் முறை வர மதியம் ஆனது. மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட டாக்டரம்மா. முகாமுக்குப் போகும் வழியிலேயே என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்: "நான் பேசிக்கறேன். நீ வாய மூடிகினு குந்து."

டாக்டரம்மா ஆறு மரக்கட்டையை மேஜையில் போட்டு, "ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கு பாப்பா" என்றார். பாப்பா கட்டைகளைப் பார்த்தாள். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக இரண்டு வைத்தாள். கொஞ்சம் இடம் விட்டு இன்னும் இரண்டு. இடம் விட்டு இன்னும் இரண்டு. நேராக, வாசலில் வைக்கிற மாதிரியே.

"மேல வைக்கணும்மா, மேல." அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா எழுதினார். படங்களைக் காட்டினார், அவள் காற்றாடியைப் பார்த்தாள். மறுபடியும் எழுதினார். நான் மனசுக்குள், 'சாமியே, இப்படியே இருக்கட்டும், இப்படியே இருக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது, என் பெண்ணுக்கு ஒன்றும் வரக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

"வீட்டுல ஏதாவது வேலை செய்வாளா?"

"ஒண்ணும் செய்யாது டாக்டர். சும்மா குந்திகினு கெடக்கும்" என்றாள் என் வீட்டுக்காரி.

"செருப்பு ஜோடி சேர்ப்பா டாக்டர்" என்றேன்.

வாயை விட்டு வந்துவிட்டது. என் வீட்டுக்காரி என் காலை மிதித்தாள். என்னால் நிறுத்த முடியவில்லை. "பத்து பேரு செருப்பு கலந்து கெடந்தாலும் பிரிச்சிடுவா. யாருதுன்னு கண்டுபுட்ச்சி அவங்க காலாண்ட கொண்டாந்து வெப்பா. இப்பகூட பாருங்க, கட்டைய ரெண்டு ரெண்டாதான் வெச்சிக்கீறா. புரியாம இல்ல டாக்டர்."

டாக்டரம்மா கட்டைகளைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை.

மண்டபத்துக்கு வெளியே, கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற ரோட்டில், என் வீட்டுக்காரி அழுதுகொண்டே திட்டினாள்.

"அன்னிக்கு கீதுன்னு சொல்லுன்னா இல்லன்ன. இன்னிக்கு இல்லன்னு சொல்லுன்னா எல்லாம் செய்வான்ற. உன் வாய் எந்தப் பக்கம் தொறக்கும்னு அந்த சாமிக்காவது தெரியுமாயா?"

அன்றைக்கு நான் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொன்னது நிஜமா, இரண்டும் ஒரே இடத்திலிருந்துதானே வந்தது என்று தோன்றியது. ஆனால் அதைச் சொன்னால் இன்னும் அடிதான் விழும்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார். பேப்பர் வந்துவிட்டது, வேண்டியதற்கு மேலேயே சதவீதம் இருக்கிறது, இடம் உண்டு என்றார். ஐஸ் மெஷினை நிறுத்திவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பேப்பரைப் படத்துக்கு முன்னால் வைத்து, எந்த நல்ல காகிதத்துக்கும் செய்கிற மாதிரி நான்கு மூலையிலும் குங்குமம் வைத்தேன்.

"இதுக்குமா பொட்டு வெக்கிற?" என்றாள் என் வீட்டுக்காரி. அப்போதுதான் எதற்குச் சந்தோஷப்பட்டேன் என்று எனக்கே தெரிந்தது. கை அப்படியே நின்றது. வைத்த குங்குமத்தைத் துடைக்கவும் மனசு வரவில்லை. அந்த இரண்டு வரி இங்கிலீஷ் கீழே இருந்தது. டீச்சரிடம் காட்டினேன். "பயிற்சி குடுத்தா நல்லா வருவான்னு எழுதியிருக்காங்க" என்றார். அது நான் சொன்னதால் எழுதியதா, எல்லோருக்கும் எழுதுவதா என்று கேட்டேன். "ரெண்டும் இருக்கும்" என்றார்.

பாப்பா போக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. நாள் முழுக்க அந்தத் தனி அறையில் வைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, அங்கே ஒரு மணி நேரம்தான், மிச்ச நேரம் இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளோடும்தான். "அப்போ தனி ரூம் எதுக்கு டீச்சர்?" என்றேன். "எல்லார் கூடவும் உக்காரத்தான்" என்றார். எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் குழாயடிக்கு அவள் இப்போது போவதில்லை. பக்கத்தில் உட்காரும் பெண் பாப்பாவின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொள்கிறாளாம்.

போன திங்கட்கிழமை பள்ளி விட்டதும், வாசலில் நின்ற என்னைப் பார்த்துப் பாப்பா, "வா" என்றாள். தெளிவாக, ஒரே எழுத்து. டீச்சர் கைதட்டினார். நான் கேட்டது இதுதான்:

"டீச்சர், நல்லா பேச ஆரம்பிச்சிட்டா, மறுபடி டாக்டர் பாத்து கம்மியா எழுதிட்டா, பேரை எடுத்துடுவீங்களா?"

அவருக்கும் அது தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் யூனிஃபார்மை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பேச்சும் குடு, எடத்தையும் எடுக்காதன்னு சாமி கிட்ட ரெண்டையும் சேத்து கேளேன். ஒண்ணுதான் கேக்கணும்னு எவன் சொன்னான்?"

"ரெண்டும் எப்படிம்மா ஒண்ணா நடக்கும்?"

"அது அவன் பாடு" என்றாள். "நீ போயி நம்ம பொண்ண கூப்டு. 'வா'ன்னு இன்னொரு தபா சொல்லட்டும். நான் இன்னும் கேக்கல."